நஞ்சையில் எழும்பிய வீடும் அதன் தோட்டமும்
ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் பிரதேசத்தில் புதிதாய் வீடு வாங்கினோர் கவனிக்கத் தக்கவை

காஞ்சிபுரம் ஜில்லாவில் ஸ்ரீபெரும்புதூர் தொடங்கி வல்லம், ஒரகடம், படப்பை வரையிற் செல்லும் சாலைகளின் இரு மருங்கிலும் ஒரு தலைமுறைக்கு முன் சொர்ணவாரியும் சம்பாவும் நவரையும் மாறி மாறி விளைந்துவந்தன. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கம்பெனியார் 1998-ஆம் வருஷத்தில் மோட்டார் கார்கள் செய்யத் தொடங்கினர். ஒரகடத்தில் 2010-இல் ரெனோ-நிஸான் தொழிற்சாலையும், 2012-இல் டெய்ம்லர் லாரித் தொழிற்சாலையும் திறக்கப்பட்டன. இவற்றை அடுத்துச் சிறிதும் பெரிதுமான தொழிற்சாலைகள் பல வந்து, நிலத்தின் உபயோகம் அடியோடு மாறிவிட்டது. தொழிற்பேட்டைக்கு நிலத்தைக் கொடுத்து ஈட்டுத்தொகை பெற்ற குடியானவர்களும், மகன் வேலை செய்யும் தொழிற்சாலைக்கு அருகில் வசிக்க விரும்பும் வெளியூர் மிராசுதார்களும் புதிய மனைப்பிரிவுகளில் கட்டிய வீடுகளை வாங்கிவருகின்றனர்.

ஐந்தாறு ஏக்கர் உழுதவருக்கு ஒரு கிரவுண்டு மனை, அதாவது 2,400 சதுர அடி, ஏறக்குறைய ஐந்தரை சென்ட், கைக்குட்டை போலத்தான் தோன்றும். அதிலும் வீடு போக மிஞ்சுவது பாதியே. இந்தப் பாதி விஷயத்தில் இருவகைத் தவறுகள் சாதாரணமாய்ச் செய்யப்படுகின்றன. சிலர் சேறும் பாம்பும் வேண்டாமென்று சுற்றிலும் மண்ணடித்து உயர்த்தி, சிமெண்டுக் கற்களைப் பரப்பிவிடுகின்றனர். வேறு சிலர் விட்டுவந்த தோப்பின் நினைவால் தென்னை இரண்டு, மா இரண்டு, பலா ஒன்று, முருங்கை, வாழை என்று எல்லாவற்றையும் மூன்றடிக்கு ஒன்றாய் நட்டுவிடுகின்றனர். முன்னவருக்கு முதல் ஐப்பசியிலேயே சங்கடம் தெரியும். பின்னவருக்கு ஆறேழு வருஷம் பிடிக்கும்.

இப்பிரதேசத்தில் வீட்டைச் சுற்றித் தோட்டம் போட நினைப்பவர் என்ன செடி வைப்பது என்று முதலில் கேட்பது வழக்கம். மழை பெய்தால் ஜலம் எங்கிருந்து வந்து எங்கே போகும் என்பதுதான் முதலில் கேட்கவேண்டிய கேள்வி. செடிகளைப்பற்றிய யோசனை இதற்குப் பின்னரே வரவேண்டும்.

நத்தமும் நஞ்சையும்

இந்த ஜில்லாவின் பழைய கிராமங்கள் அமைந்துள்ள மாதிரியைச் சற்று ஊன்றி நோக்கினால் பெரியோர் எவ்வளவு கணக்காய் இடம் பார்த்திருக்கின்றனர் என்பது விளங்கும். மேட்டுப்பாங்கான இடத்தில் நத்தம். வரத்து நீரை மறித்து ஏரி. ஏரிக்கரையின் கீழ் மதகுகள் வழியாய்ப் பாயும் ஆயக்கட்டு. ஆயக்கட்டின் கடைமடையில் வடிகால். ஒரூர் ஏரியின் கலங்கல் வழிந்த நீரும் வடிகால் நீரும் அடுத்த ஊர் ஏரிக்கு வரத்தாயின. இவ்வாறு சங்கிலிபோல் கோத்த ஏரிகளின் மிகுநீர், ஒரு பக்கம் ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம் ஏரிகளைக் கடந்து செம்பரம்பாக்கத்தை அடைகிறது; மற்றொரு பக்கம் மணிமங்கலம், ஆதனூர் முதலிய ஏரிகளின் வழியாய் அடையாற்றில் இறங்குகிறது. நஞ்சையில் எவரும் வீடு கட்டவில்லை. விளைநிலம் வீணாகுமென்பது ஒரு காரணம். கார்த்திகையில் முழங்கால் ஜலத்தில் நிற்கவேண்டிவரும் என்பது மற்றொன்று. இரண்டாவதே பெரிய காரணமாய் இருந்திருக்கலாம்.

இப்போது வாங்கப்படும் வீடுகளிற் பல அந்த நஞ்சையில் இருக்கின்றன. ஆகையால் வீட்டுப் பத்திரம் கைக்கு வந்தவுடன், கூடுமானால் வருவதற்கு முன்னரே, மூன்று ஆதாரங்களைப் பார்த்துவிடுவது நலம். ‘அ’ பதிவேட்டில் அந்தச் சர்வே எண் நஞ்சையா, புஞ்சையா, நத்தமா என்று தெரியும். புலப்படத்தில் மனையை ஒட்டி வாய்க்காலோ வண்டிப்பாதையோ போகிறதா என்று தெரியும். கிராம வரைபடத்தில் ஏரி, கலங்கல், வரத்துக்கால் ஆகியவற்றுக்கு மனை எந்தத் திசையில், எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பது தெரியும். கர்ணம், மணியக்காரர் பதவிகள் 1980-ஆம் வருஷத்தில் நீக்கப்பட்டபின் இவை கிராம நிர்வாக அலுவலர் வசமும் தாலுகா ஆபீஸிலும் உள்ளன. பதிவேட்டு விவரமும் புலப்படமும் வலைத்தளம் மூலமும் கிடைக்கின்றன. காகிதத்தில் இல்லாததை அறிய, அந்த ஆயக்கட்டில் நீர் பாய்ச்சிவந்த பழைய நீர்க்கட்டி எவரேனும் இருந்தால், அவரை ஒருமுறை அழைத்துவந்து மனையில் நிறுத்திக் கேட்பது மேல். மனைப்பிரிவுக்காரர் கல் நட்டு மூடிவிட்ட கால்வாய் எங்கே ஓடியது என்பதை அவர் காலாலேயே காட்டிவிடுவார்.

இவ்வளவு ஜாக்கிரதை அவசியமா என்று நினைப்பவர்கள் 2015-ஆம் வருஷம் டிஸம்பர் மாதம் 1-ஆம் தேதியை நினைத்துப் பார்க்கலாம். அன்று தொடங்கி மறுநாள் காலைவரை 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டரும், செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டரும் மழை பதிவாயிற்று. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி வரை நீர் திறக்கப்பட்டது. அந்த வெள்ளத்துக்குச் செம்பரம்பாக்கம் ஒன்றே காரணமென்று ஜனங்கள் பேசிக்கொள்வதுண்டு. ஆனால் முடிச்சூரும் வரதராஜபுரமும், செம்பரம்பாக்கத்து உபரிநீர் திருநீர்மலைப் பக்கம் அடையாற்றிற் கலப்பதற்கு மேலே இருக்கும் ஊர்கள். அங்கு வீடுகளுக்குள் புகுந்தது மேலேயுள்ள சிற்றேரிகளின் மிகுநீரும், போக வழியற்று நின்ற மழைநீருமே ஆகும். 2023 டிஸம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் அதே இடங்களில் ஜலம் நின்றது.

மண்ணடிக்கும் வழக்கம்

கரை கட்டிய ஒரு ஏக்கர் நெல்வயல், வரப்பு அரையடி உயரம் இருந்தாலும், ஆறு லட்சம் லிட்டர் தண்ணீரைத் தாங்கி நிறுத்தும். அந்த ஏக்கரைப் பதினெட்டு இருபது மனைகளாக்கி, வரப்பை எடுத்து, மண்ணடித்து, கல் பரப்பிவிட்டால் அந்த ஆறு லட்சம் லிட்டரும் தெருவுக்கு வருகிறது. தெரு உயர்த்தப்படுகிறது. பிறகு வருபவர் தெருவினும் ஓரடி உயர்த்திக் கட்டுகிறார். முதலில் கட்டியவர் வீடு பள்ளமாகிறது. அவர் தோட்டத்தை மறுபடி உயர்த்துகிறார். கடைசியில் வீட்டுக்குள்ளே தரையை உயர்த்தி, நிலைப்படியில் தலை இடிக்க நடமாடுகிறார். இந்தப் போட்டியில் ஜயித்தவர் எவருமில்லை.

வீட்டின் அடித்தளம் உயர்ந்திருக்க வேண்டும் என்பதில் சந்தேகமில்லை. தோட்டத்தையும் அதனோடு உயர்த்தவேண்டும் என்பதற்குத்தான் காரணம் காண்பது அரிது. வீடும் அதைச் சுற்றி நான்கைந்தடி அகலத் திண்ணை போன்ற மேடும் உயரமாய் இருக்கட்டும். எஞ்சிய நிலம் பழைய வயல்மட்டத்திலேயே இருக்கட்டும். செலவும் இதில் மிச்சம். ஒரு கிரவுண்டு முழுவதையும் ஓரடி உயர்த்த 24 யூனிட் மண் வேண்டும். இன்னும் உயர்த்தாத மனையானால் வீட்டுக்கும் மேட்டுக்கும் மட்டும் அடிப்பதில் அதில் ஒரு பகுதி குறையும். ஏற்கெனவே முழுவதும் உயர்த்தப்பட்ட மனையை வாங்கினவர், தோட்டப் பகுதியில் ஓரடி மண்ணை வெட்டியெடுத்து மதிலோரத்தில் வரப்பாக இட்டுக்கொள்ளலாம்.

தாழ்வாய் விட்ட அந்த இடத்தில் மழைப்பாத்தி ஒன்று அமைப்பதே தோட்டத்தின் முதல் வேலை. 1,200 சதுர அடி மாடியின் மீது பத்து சென்டிமீட்டர் மழை பெய்தால் கிடைப்பது சுமார் 11,150 லிட்டர். 400 சதுர அடியில் ஓரடி ஆழமாய் எடுத்த பாத்தி 11,300 லிட்டர் கொள்ளும். ஆகவே இவ்வளவு சிறிய பாத்தியே ஒரு நாள் பலத்த மழையின் மாடிநீர் முழுவதையும் தெருவுக்கு விடாமல் ஏற்றுக்கொள்ளும். 47 சென்டிமீட்டர் பெய்யும் நாளில் அது போதாது. அன்றைக்கு வேண்டியது வழிந்தோடக் கலங்கல். பாத்தியின் தாழ்ந்த மூலையில் அரையடி அகலத்துக்குக் கருங்கல் பதித்த வாய் ஒன்று விட்டு, அதைத் தெருவடிகாலில் சேர்த்துவிட வேண்டும். ஏரிக்குக் கலங்கல் எவ்வளவு அவசியமோ அவ்வளவு இதற்கும் அவசியம்.

பாத்தியின் இடத்தைக் கண்ணால் தீர்மானிப்பது தவறு. கொத்தனார் உபயோகிக்கும் ரஸமட்டக் குழாயைக் கொண்டு மனையின் நான்கு மூலைகளையும் நடுவையும் தெருவையும் அளந்து, ஒரு காகிதத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். மிகத் தாழ்ந்த மூலையை நோக்கி மாடிக்குழாய்களைத் திருப்ப வேண்டும். சுவரின் அடிக்கும் பாத்திக்கும் இடையே ஐந்தாறு அடியாவது விடவேண்டும்; களிமண் நிலத்தில் அஸ்திவாரத்தின் அருகில் ஜலம் ஊறினால், மண் மழையில் உப்பி வெயிலில் சுருங்கிச் சுவரில் வெடிப்பு காணும். வாயிற்படலின் கீழ் அரையடி உயரத்துக்கு ஒரு மேடு கட்டிவிட்டால் தெருநீர் உள்ளே வராது.

மண் உறிஞ்சுமா என்பதையும் பார்க்கவேண்டும். இரண்டடி ஆழக் குழி ஒன்று வெட்டி, மாலையில் நீர் நிரப்பி, ஊறியபின் மறுபடி நிரப்பி, விடிந்ததும் பார்த்தால் போதும். குழி வற்றியிருந்தால் பாத்தி மட்டுமே காரியத்தைச் செய்துவிடும். நீர் அப்படியே நின்றால் அடியிற் களிமண்ணோ, ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்தில் அங்கங்கே காணும் சாம்பல்நிறக் களிப்பாறையோ இருக்கிறது என்று அறியலாம். அத்தகைய இடத்தில் பாத்திக்குள் மூன்றடி விட்டத்தில் உறைகள் இறக்கி, மணற்பாங்கான அடுக்கு எட்டும்வரை ஆழப்படுத்த வேண்டும். மழைநீர்ச் சேகரிப்பைத் தமிழ்நாடு அரசு 2003-ஆம் வருஷத்திலேயே எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கியது. கட்டின வீட்டில் இது இருக்குமென்று நம்பி வாங்குகிறவர்கள் மூடியைத் திறந்து பார்ப்பதில்லை. திறந்தால் சில இடங்களில் நாலடிக் குழியில் ஜல்லி கொட்டியிருப்பதும், அதற்கு வரும் குழாய் பாதியில் நின்றிருப்பதும் தெரியவரும்.

நீர் இரண்டு நாட்களுக்குள் வற்றவேண்டும். ஒரு வாரம் நின்றால் கொசு உற்பத்தியாகும்.

அமெரிக்காவில் மேரிலாந்து ராஜ்யத்தைச் சேர்ந்த பிரின்ஸ் ஜார்ஜஸ் ஜில்லாவில் 1990-ஆம் வருஷத்தை ஒட்டி, வீட்டுக்கு வீடு இத்தகைய தாழ்ந்த பாத்திகளை வெட்டிச் செடி வைக்கும் முறை தொடங்கப்பட்டது. அதற்கு ‘மழைத்தோட்டம்’ என்று பெயரிட்டனர். இப்போது பல தேசங்களில் அது பரவியிருக்கிறது. நெல்வயலின் வரப்பை அறிந்த குடியானவருக்கு அதில் புதுமை ஒன்றுமில்லை. ஸ்ரீபெரும்புதூரில் அவதரித்த இராமாநுசரின் சீடரான அனந்தாழ்வான் திருமலையில் நந்தவனம் வைக்கப்போனபோது முதலில் குளம் வெட்டினார் என்று வைணவர்கள் சொல்வதையும் இங்கே நினைக்கலாம்.

தரைத்தொட்டியின் வாய் தோட்டமட்டத்துக்கு மேல் ஒன்றரை அடியாவது உயர்ந்திருக்க வேண்டும். இல்லையேல் ஒரே மழையில் சாக்கடைநீர் குடிநீரிற் கலந்துவிடும். மோட்டாரும் மின்சாரப் பெட்டியும் அப்படியே மேட்டில் இருக்கவேண்டும். மலக்கழிவுத் தொட்டியின் உறிஞ்சுகுழி ஒரு மூலையில் இருந்தால் கிணறோ, ஆழ்குழாயோ, மழைப்பாத்தியோ அதற்கு எதிர்மூலையில் இருப்பதே சரி.

மண்ணைத் திரும்பவும் மண்ணாக்குதல்

வயலாய் இருந்த நிலமாதலால் மண் வளமாய் இருக்குமென்று எண்ணிக் கன்று நடுபவர்கள் ஏமாறுகின்றனர். மேல்மண் எப்போதோ கிராவலுக்குக் கீழே புதைந்துவிட்டது. அதன்மேல் கட்டட வேலையின் சுண்ணாம்பும் சிமெண்டும் உடைந்த செங்கல்லும் கிடக்கின்றன. லாரியும் ஜேஸிபி யந்திரமும் ஏறி மிதித்துக் கல்லாக்கியிருக்கின்றன. வேர் அதில் இறங்காது. காலியாய்க் கிடந்த மனைகளில் சீமைக் கருவேலம் மட்டும் செழித்திருப்பதைக் கண்டே இதை அறியலாம். அதை வெட்டினாற் போதாது, தூரோடு பெயர்க்கவேண்டும்.

முதலில் கட்டட இடிபாட்டைப் பொறுக்கி அகற்றி, ஒன்றரை அடி ஆழத்துக்குக் கொத்திப் புரட்டவேண்டும். வைகாசி, ஆனியில் கோடைமழை கண்டவுடன் சணப்போ தக்கைப்பூண்டோ நெருக்கமாய்த் தெளித்து, 45 நாட்களில் பூக்கும் சமயம் மடக்கிக் கொத்திவிடவேண்டும். ஐந்து சென்டுக்குப் பசுந்தாளா என்று பக்கத்து வீட்டார் சிரிக்கலாம். ஒரு பருவத்தில் அது செய்வதை மூட்டைமூட்டையாய் விலைக்கு வாங்கிய உரமண் செய்யாது. மக்கிய தொழுவுரம் கிடைத்தால் அதுவும் சேர்க்கலாம். மக்காததைச் சேர்த்தால் கறையான் வரும்.

ஏரிவண்டலைப்பற்றி ஒரு வார்த்தை. ஏரி, குளங்களிலிருந்து விவசாயத்துக்கும் மண்பாண்டத் தொழிலுக்கும் வண்டல் எடுத்துக்கொள்ள அரசு இலவச அனுமதி தருகிறது. 2024-ஆம் வருஷம் முதல் அந்த அனுமதியைத் தாசில்தார் மட்டத்திலேயே பெறும்படி சுலபமாக்கியிருக்கின்றனர். சாகுபடிக்கு என்று அனுமதி பெற்று, மனையைத் தூர்க்க அதைக் கொட்டுவது முறையன்று. கிராம அதிகாரிகள் இதைக் கண்டும் காணாததுபோல் இருந்தால் ஏரியும் தாறுமாறாய்க் குடையப்படும், மனையும் உயர்ந்துபோம்.

மரங்கள்

ஒரு கிரவுண்டு மனைக்குப் பெருமரம் ஒன்று போதும்; இரண்டு அதிகம். தென்னைக்குத் தென்னை 25 அடியும், ஒட்டுமாவுக்கு 30 அடிக்கு மேலும் இடைவெளி வேண்டுமென்பது தோப்பு வைத்தவர்கள் அறிந்ததே. வீட்டு மனையில் மட்டும் அந்தக் கணக்கு மறந்துபோகிறது. சுவரிலிருந்து பத்தடிக்குள் மா, பலா, வேம்பு இவற்றை நடக்கூடாது. தென்னையை நடுபவர், நெற்றும் மட்டையும் எவர் வீட்டுக் காரின் மீது விழும் என்பதையும் யோசிக்க வேண்டும். தொழிற்சாலைப் பக்கத்து வீடுகளில் இந்தக் காரணத்தால் வழக்கு வரை போவதுண்டு. மின்சாரக் கம்பியின் கீழே உயரும் மரம் எதையும் வைப்பது வீண். மின்சார வாரியத்தார் வருஷந்தோறும் தலையை வெட்டிப்போவர்.

மரத்தின் இடம் மேற்கு அல்லது தென்மேற்கு. சித்திரை, வைகாசியில் பிற்பகல் வெயில் தாக்குவது மேற்குச் சுவரையே. அங்கே ஒரு வேம்போ புங்கமோ இருந்தால் உள்ளறையின் வெப்பம் தணிவதை எவரும் உணரலாம். கடற்காற்று வரும் கிழக்கு, தென்கிழக்குத் திசைகளை அடைக்காமல் சிறு செடிகளாய் வைத்துக்கொள்ள வேண்டும்.

எந்த மரம் என்பதை 2016-ஆம் வருஷம் டிஸம்பர் 12-ஆம் தேதி வீசிய வர்தா புயலுக்குப் பின் கேட்கவே தேவையில்லை. சென்னையிலும் சுற்றுப்புறங்களிலும் ஆயிரக்கணக்கான மரங்கள் அன்று சாய்ந்தன. விரைவில் வளர்ந்து நிழல் தருகிறது, பூ அழகாயிருக்கிறது என்று நடப்பட்ட மயிற்கொன்றை, பெருங்கொன்றை, தூங்குமூஞ்சி இவை வேரோடு பெயர்ந்தும் கிளை முறிந்தும் கிடந்தன. மரத்தின் ஜாதி ஒன்றே காரணமன்று. வேர் இறங்க இடமின்றிச் சுற்றிலும் சிமெண்டு பூசப்பட்ட மரம் எதுவாயினும் சாயும். தண்டைச் சுற்றி ஆறடி சதுரமாவது திறந்த மண் விடவேண்டும்.

தண்ணீர் தேங்கும் நஞ்சை மனைக்குப் புங்கம், பூவரசு, நாவல், நீர்மருது ஆகியவை ஏற்றவை. சில நாள் ஈரத்தில் நின்றாலும் இவை வருந்தா. ஆயினும் நாவலும் மருதும் பெரியவை. பொதுப் பூங்காவுக்கும் அகன்ற மனைக்குமே அவை. மேட்டு மனைக்கு வேம்பு, மகிழம், சரக்கொன்றை. முருங்கையும் பப்பாளியும் இரண்டு நாள் தேங்கிய ஜலத்தில் அழுகிவிடும். அவற்றை மதிலோரத்து வரப்பின்மீது வைக்கவேண்டும். முருங்கை கம்பளிப்பூச்சிக்கு இருப்பிடமாதலால் வாசலை ஒட்டி வேண்டாம் என்ற பழைய வழக்கத்தில் நியாயமிருக்கிறது. எலுமிச்சை, கொய்யா, நெல்லி, சப்போட்டா ஆகியவற்றில் ஒன்றிரண்டு, அவற்றையும் மேடு கட்டியே நடவேண்டும். கறிவேப்பிலை எங்கும் வரும்.

வேலிக்கென்று நாற்றங்கால்களில் கோனோகார்ப்பஸ் என்ற அந்நிய மரத்தை விற்கின்றனர். அது சீக்கிரம் அடர்ந்து சுவர்போல் நிற்பதால் மனைப்பிரிவுக்காரர்களுக்கு அதன்மேல் பிரியம். அதன் வேர் குடிநீர்க்குழாயையும் சாக்கடையையும் தேடிச் செல்லும். அதன் மகரந்தம் சுவாச நோயுள்ளவர்களுக்கு ஆகாது என்ற கருத்தும் உண்டு. குஜராத்தில் 2023-லும், தமிழ்நாட்டில் 2025-லும் அதை நடுவதற்குத் தடை விதிக்கப்பட்டது. முன்னரே நட்டிருந்தால் தோண்டி எடுத்துவிட்டு மருதாணி, நொச்சி, ஆடாதொடை இவற்றில் ஒன்றை வேலியாக வைக்கலாம். இவற்றை ஆடு மாடு தின்னா என்பது இன்னும் மாடுகள் மேயும் ஒரகடம் பக்கத்துக்கு ஒரு சௌகரியம்.

மழைப்பாத்திக்குள் வைக்கத்தக்கவை வேறு. ஈரத்தையும் வறட்சியையும் மாறிமாறித் தாங்கும் செடிகளே அங்கு வேண்டும். கரையில் வெட்டிவேர், அடியில் கல்வாழை, சேம்பு, ஓரத்தில் செம்பருத்தி, நந்தியாவட்டை. வெட்டிவேர் ஆழமாய் இறங்கிக் கரையைச் சரியவிடாமல் பிடிக்கும். அழகுப் புல்தரைக்கு ஆசைப்படுபவர்கள், மாசி முதல் ஆனி வரை நாள்தோறும் அதற்கு ஊற்றவேண்டிய தண்ணீரையும், அதை விற்கும் லாரிக்காரரின் விலையையும் முதலிற் கணக்கிடுவது நல்லது. அருகம்புல் தானே வரும். மாதம் ஒருமுறை அரிவாளால் அறுத்தாற் போதும்.

சமையலறைப் புறத்தில் மூன்று பாத்தி கீரை, நான்கு கத்தரி, பந்தலில் ஒரு அவரை, சுரை இவ்வளவே ஒரு குடும்பம் சிரமமின்றிப் பார்க்கக்கூடியது. பாத்திரம் கழுவிய நீரை வாழையடிக்கு விடலாம். சோப்பு மிகுந்த துணிவெளுத்த நீரைக் கல்வாழைப் பாத்தி வழியாய்ச் செலுத்திவிட்டுப் பின்னர் மரத்துக்கு விடுவது உசிதம். தோட்டத்தில் மிஞ்சும் இலையை எரிப்பது இப்பிரதேசத்தில் மிகுந்துவரும் கெட்ட வழக்கம். மூன்றடி ஆழக் குழி ஒன்றிருந்தால் அது வருஷத்துக்கு நாலைந்து கூடை எருவாய்த் திரும்பிவரும்.

கிராம அதிகாரிகள் கவனிக்கவேண்டியது

தனி வீட்டார் எவ்வளவு ஒழுங்காய்ச் செய்தாலும், பாத்தியின் கலங்கலுக்கு வெளியே வடிகால் இல்லையெனில் பயனில்லை. பல மனைப்பிரிவுகளில் தெருவடிகால் மனைப்பிரிவின் எல்லைவரை சென்று நின்றுவிடுகிறது. அதற்கப்பால் இருந்த வாய்க்கால் புறம்போக்கு தூர்ந்தோ, மதிலுக்குள் சேர்க்கப்பட்டோ போயிருக்கும். ஆயக்கட்டு அழிந்தால் பாசன வாய்க்காலுக்கு வேலையில்லை என்று நினைப்பது பெரும்பிழை. பாசனத்துக்கு இல்லாவிடினும் வடிகாலாக அதற்கு வேலை முன்னிலும் அதிகம். 2007-ஆம் வருஷத்து ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றும் சட்டம் ஏரிகளைப்பற்றியது. வாய்க்கால் புறம்போக்கோ தாலுகா, கிராமப் பதிவேட்டைக் கையில் வைத்திருப்பவரின் விழிப்பையே நம்பியிருக்கிறது. ஐப்பசிக்கு முன் ஒருமுறை, மனை விற்காத பக்கத்திலும், புலப்படத்தைக் கையில் கொண்டு வாய்க்காலை முதலிலிருந்து கடைசிவரை நடந்து பார்ப்பது அதிகாரிக்கு ஒரு பகல் வேலையே.

பத்தாயிரம் சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலை போக எஞ்சியதில் பத்தில் ஒரு பங்கைப் பொதுத் திறந்தவெளியாக ஸ்தல ஸ்தாபனத்துக்குத் தானமாய் எழுதிக் கொடுக்கவேண்டுமென்பது விதி. எழுதிக்கொடுத்த இடம் பெரும்பாலும் எவரும் வாங்காத மூலையாய், பள்ளமாய் இருக்கும். பள்ளமாயிருப்பது அதன் குறையன்று. அதை மண்ணடித்து உயர்த்தி விளையாட்டுச் சாமான் வைப்பதற்கு மாறாக, குட்டையாகவே வைத்து, கரையில் மருதும் நாவலும் பூவரசும் நட்டால் அந்த மனைப்பிரிவின் எல்லா வீடுகளுக்கும் அது ஏரியின் வேலையைச் செய்யும். சங்கத்தார் ஒப்புக்கொள்ளச் சற்றுக் காலமாகலாம். ஒரு கார்த்திகை கழிந்தபின் பேசினால் எளிதாய் முடியும். 2016-ஆம் வருஷம் செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளின் பத்திரப்பதிவைத் தடுத்ததும், 2017-இல் அவற்றை வரன்முறைப்படுத்தும் திட்டம் வந்ததும் அதிகாரிகள் அறிந்தவையே. வரன்முறை பெற்ற பழைய மனைப்பிரிவுகளில் திறந்தவெளி அநேகமாய் இராது. அங்கே வீட்டுக்கு வீடு பாத்தி ஒன்றே வழி.

பருவமும் வேலையும்

சித்திரையில் மட்டம் பார்த்து, பாத்தியும் குழியும் வெட்டி, இடிபாட்டை அகற்றவேண்டும். வெட்டிய குழி வெயிலில் ஒரு மாதம் காயட்டும். வைகாசி, ஆனியில் பசுந்தாள் விதைப்பு. ஆடி, ஆவணியில் கன்று நடவு. வடகிழக்குப் பருவமழையை எதிர்பார்த்து ஐப்பசியில் நடும் வழக்கம் செவ்வல் நிலத்துக்குச் சரி; களிமண் மனையில் வேரூன்றாத கன்று ஐப்பசி நீரில் அழுகிப்போகிறது. இந்த ஜில்லாவில் தென்மேற்குப் பருவ காலத்திலும் கணிசமான மழை கிடைப்பதால் ஆடிக் கன்று ஐப்பசிக்குள் வேர் பிடித்துவிடும். புரட்டாசிக் கடைசியில் மாடியைக் கழுவி, குழாய்களைச் சோதித்து, கலங்கல் வாயைச் சுத்தம் செய்துவிடவேண்டும். முதல் பெருமழையன்று குடையுடன் அரைமணி நேரம் வெளியே நின்று நீர் போகும் வழியைப் பார்த்து, அது எதிர்பாராத இடத்தில் தேங்கினால் அங்கே ஒரு குச்சி நட்டு அடையாளம் வைத்துக்கொள்ளவேண்டும். தை பிறந்ததும் அந்த இடத்தைத் திருத்தி, மரத்தடிகளில் சருகு மூடாக்குப் போட்டுவிட்டால் கோடைக்குத் தண்ணீர்ச் செலவு பாதியாகும்.

ஒட்டுக் கன்றுகளும் பூச்செடிகளும் தோட்டக்கலைத் துறையின் விச்சந்தாங்கல், ஆத்தூர் அரசுப் பண்ணைகளில் கிடைக்கும். மண்ணையும் நீரையும் பரிசோதிப்பதற்கும் செடிகளின் நோய்க்கும் காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்தாரிடம் யோசனை கேட்கலாம். அங்கே போகும்போது மனையின் மட்டங்களைக் குறித்த காகிதத்தையும், நாலு இடத்தில் எடுத்த மண்ணையும் கொண்டுபோவது நலம்.